பதினோரு மாத வாத்தியாரின் மடல்

பல்கலைக்கழகங்களின் வேந்தரான மாண்புமிகு ஆளுநர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும், டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் (யு.ஜி.சி.) வணக்கம்.

2025 டிசம்பரில், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் கையைக் காட்டுவீர்கள் என்பது இந்த மூன்று வருடத்தில் நன்றாகவே தெரிந்துவிட்டது.

நான் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் வரலாறு நடத்தும் கௌரவ விரிவுரையாளன். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. "பன்னிரண்டு வருட சர்வீஸ்" என்று சொல்ல ஆசைதான், ஆனால் சட்டப்படி அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஏப்ரல் முடிவிலும் நான் வேலையில் இல்லாதவனாகி, ஜூனில் புது ஆணை வாங்கித் திரும்பப் பிறக்கிறேன். மே மாதம் சம்பளம் கிடையாது. வருடத்துக்குப் பதினோரு மாதம், மாதம் 25,000 ரூபாய். விடைத்தாள் திருத்துவது, அட்மிஷன் வேலை, கவுன்சிலிங் நேரத்தில் பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் மே மாதத்திலும் இருக்கும், அது வேறு விஷயம்.

போன மாதம் நவம்பர் 20 அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு செல்போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கருத்துச் சொன்ன நாள் அது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதிக்கொள்வது என்பது அரசியலமைப்பில் இல்லை, அதே சமயம் ஆளுநர் காலவரையில்லாமல் மசோதாவைக் கிடப்பில் போடவும் முடியாது என்று வந்தது. அரசியல் அறிவியல் நடத்துகிறவர் ஷரத்து 200, ஷரத்து 142 என்று பிரித்துப் பிரித்து விளக்கினார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பக்கத்துத் துறையில் இருக்கும் ஒரு அம்மா, அவரும் எங்களைப் போலக் கௌரவம்தான், மெதுவாகக் கேட்டார்: "சரி சார், இதுல யார் ஜெயிச்சாலும் நமக்கு மே மாசச் சம்பளம் வருமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மடல்.

முதலில் உங்கள் சண்டையைப் பற்றியே பேசிவிடுகிறேன். வரலாறு நடத்துகிறவன், வரிசைப்படி சொல்லாமல் இருக்க முடியாது. 2022 ஏப்ரலில் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாக்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. ஒன்றரை வருடம் அவை ஆளுநர் மாளிகையில் தூங்கின. 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்கள் திரும்பி வந்தன. ஐந்தே நாளில், 18-ஆம் தேதி, சிறப்புக் கூட்டம் போட்டு அப்படியே திரும்ப நிறைவேற்றினீர்கள். ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று, அப்படி அனுப்பியது செல்லாது, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அன்று எங்கள் ஊரில்கூடப் பட்டாசு வெடித்தார்கள். மே 21 அன்று, அதுவும் கோடை விடுமுறைக் காலத்தில், சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதற்கு முன்பே, மே 13 அன்று, குடியரசுத் தலைவரின் கேள்விகள் போயிருந்தன, அப்புறம் நவம்பர் 20. மூன்றரை வருடம் ஓடிவிட்டது. 2022-இல் பி.ஏ. சேர்ந்த பிள்ளை இந்த நேரத்தில் பட்டம் முடித்து, எம்.ஏ.வில் முதல் வருடம் வந்துவிட்டது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்தும் நடந்தது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் தேடுதல் குழுவில் மூன்று பேரா நான்கு பேரா என்ற சண்டை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி அதன் பிரதிநிதி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றார் வேந்தர். எங்கள் பல்கலைக்கழகச் சட்டங்களில் அப்படி எதுவும் இல்லை என்றது அரசு. 2023 செப்டம்பரில் வேந்தர் ஒரு குழு அறிவித்தார், அரசு யு.ஜி.சி. பிரதிநிதியை விட்டுவிட்டு அரசிதழில் ஒரு குழு போட்டது, 2024 ஜனவரியில் வேந்தர் தன் குழுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரே ஒரு நாற்காலி. ஒரே ஒரு ஆளைக் கூட்டிச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மாதக்கணக்கில் போனது.

என் சொந்தக் கருத்தை மறைக்கவில்லை. மாநிலத்தின் காசில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாநிலம்தான் துணைவேந்தரைப் போட வேண்டும், ஆளுநருக்கு இந்த வேந்தர் வேலையைச் சுமத்தவே வேண்டியதில்லை என்று மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்ச்சி ஆணையமே 2010-இல் சொல்லிவிட்டது. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் மாநில அரசு நியமித்தால் எல்லாம் சுத்தமாக நடக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் எங்களைப் போன்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபட்டார். அதே வருடம் அப்போதைய ஆளுநர், துணைவேந்தர் பதவிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று ஒரு மேடையில் வெளிப்படையாகவே சொன்னார். ரேட் எவ்வளவு என்பது அவர் சொல்வதற்கு முன்பே டீக்கடையில் எங்களுக்குத் தெரியும். ஆளுநர் மாளிகை வழியாக வந்த காலத்திலும் நடந்தது, கோட்டை வழியாக வந்தாலும் நடக்கலாம். அதனால் அதிகாரம் யார் கையில் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், தேடுதல் குழு எந்தப் பெயர்களை எதற்காகப் பரிந்துரைத்தது என்பதை வெளியிடுங்கள் என்று கேட்கிறேன். ஒரு தரப்பும் இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும், வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று நினைக்கலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து துணைவேந்தர் இல்லை. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து இல்லை. மதுரை காமராசரில் இருந்தவர் 2024-இல் பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் இன்றைக்கு ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில்தான் ஓடுகின்றன. குழுத் தலைவர் துறைச் செயலாளர். அவருக்குக் கோட்டையில் ஆயிரம் வேலை. கோப்பு சென்னைக்குப் போய் வருவதற்குள் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளரை நியமிக்கும் கடிதம் மாதக்கணக்கில் நிற்கும். என்னிடம் படித்த ஒரு பையன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, இன்னும் 'முனைவர்' போட முடியாமல், கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்று என்னிடம் யோசனை கேட்டான். போடாதே என்றேன். போட்டுவிட்டான்.

இந்த ஆகஸ்டில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஓர் ஆய்வாளர் ஆளுநர் கையால் பட்டம் வாங்க மறுத்து, பக்கத்தில் நின்ற துணைவேந்தரிடம் வாங்கிக்கொண்ட காட்சி எல்லார் போனிலும் சுற்றியது. ஆதரித்துப் பேசினார்கள், எதிர்த்துப் பேசினார்கள். எனக்குத் தோன்றியது வேறு: அந்தப் பெண்ணுக்கு அங்கே துணைவேந்தர் என்று ஒருவராவது நின்றார். கோவையிலோ சென்னையிலோ என்றால் மறுக்கலாம், வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருந்திருக்காது.

அடுத்தது பணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட வரி 424 கோடி ரூபாய். அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அரசிடமிருந்து வரும் நிதி பாதிக்குக் கீழே போய்விட்டது, அதனால் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற வரிவிலக்கு இதற்குப் பொருந்தாது. ஒரு பக்கம் மாநில அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டியதைத் தணிக்கைத் தடை, ஆள் எண்ணிக்கை என்று பிடித்துப் பிடித்துக் குறைத்தது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் துறை, 'நீதான் அரசுப் பல்கலைக்கழகமே இல்லையே' என்று வரி கேட்டது. மாமியார் சோறு போடாமல் விட, மாமனார் ஒல்லியாக இருக்கிறாய் என்று திட்டிய கதைதான். மதுரை காமராசரில் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் மாதக்கணக்கில் சம்பளமும் பென்ஷனும் வராமல் வாசலில் உட்கார்ந்து போராடியதையும் பார்த்தோம். எழுபது வயதுப் பேராசிரியர்கள், ஒரு காலத்தில் நாங்கள் பயந்து ஒதுங்கி நின்ற ஆட்கள், சாமியானா பந்தலுக்குக் கீழே.

பல்கலைக்கழகங்களுக்கு ஏன் இப்படி ஆனது என்பதில் ஒரு பகுதி டெல்லியின் கைவேலை, இன்னொரு பகுதி சென்னையின் சோம்பல். பல வருடமாகத் தொலைதூரக் கல்விதான் இவர்களுக்குக் காமதேனு. கேரளாவிலும் வடக்கேயும் வளைகுடாவிலும் மையம் வைத்து வசூல் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தை நம்பியே கட்டடம் கட்டினார்கள், ஆள் போட்டார்கள். பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. பிடியை இறுக்கியதும் அந்த வருமானம் வற்றிவிட்டது. நடத்திய லட்சணத்தைப் பார்த்தால் யு.ஜி.சி. செய்தது முழுத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓட்டையை யார் அடைப்பது என்று இரண்டு அரசுகளும் யோசிக்கவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவைக்கு மேல் ஆள் போட்டுத் தள்ளாடியதும், 2013-இல் அரசு அதை எடுத்துக்கொண்டதும், உபரி ஆசிரியர்களைப் பணிநிரவல் என்று மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவர்கள் வந்து சேர்ந்த அன்று வொர்க்லோடு இல்லை என்று சொல்லி எங்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அவர்களும் எங்கள் மாதிரி அலைக்கழிக்கப்பட்டவர்கள்தான். ஆனால் பணியிடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தும் முறையாக ஆள் எடுக்காமல் இப்படி ஒட்டுப் போட்டே ஓட்டுவது அன்றைக்கே பழகிவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் எல்லாவற்றிலும் மோதிக்கொள்கிறீர்கள், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்குள் சண்டையே இல்லை. நிரந்தர ஆசிரியர் வேண்டாம் என்பதில். இது வாய்விட்டு யாரும் சொன்னதில்லை, ஆனால் நடப்பதைப் பார்த்தால் வேறு என்ன சொல்வது?

2025 ஜனவரி 6 அன்று யு.ஜி.சி. ஒரு வரைவு விதிமுறை வெளியிட்டது. தமிழ்நாடு கொதித்தது, ஜனவரி 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எங்கள் காதில் விழுந்ததெல்லாம் துணைவேந்தர் பற்றித்தான்: தேடுதல் குழுவை வேந்தரே அமைப்பாராம், கம்பெனி நடத்தியவர்கூடத் துணைவேந்தர் ஆகலாமாம். சரி, எதிர்க்க வேண்டியதுதான். ஆனால் அதே வரைவில் இன்னொரு விஷயமும் இருந்தது. 2018 விதிமுறையில் ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. புது வரைவில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். இதற்காக எந்தக் கட்சியும் கருப்புச் சட்டை போடவில்லை. ஏன் போட வேண்டும்? 10 சதவீத வரம்பு எழுத்தில் இருந்தபோதே தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் எங்களைப் போன்றவர்கள் 7,000 பேருக்கு மேல் இருந்தோம். எங்கள் துறையில் மொத்தம் ஆறு ஆசிரியர்கள். நிரந்தரம் ஒருவர். அவர்தான் பொறுப்பு முதல்வரும். அதனால் வகுப்புக்கு அவர் வருவதில்லை, வர முடியாது. இதில் 10 சதவீதம் எது, 90 சதவீதம் எது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி.க்குத் தனியாக ஒன்று. 2019 ஜனவரியில் நீங்களே சொன்னீர்கள், கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்க வேண்டும் என்று. அந்தச் சுற்றறிக்கையை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். மாநிலத்திடம் போய்க் கேட்டால் 'அது வழிகாட்டுதல்தான், பணம் அவர்களா தருகிறார்கள்?' என்கிறார்கள். உங்களிடம் கேட்டால் 'அது மாநிலத்தின் பொறுப்பு'. துணைவேந்தர் தேடுதல் குழுவில் உங்கள் ஆள் ஒருவர் இல்லை என்றால் நியமனமே செல்லாது என்கிற அளவுக்கு உங்கள் விதிக்குச் சக்தி இருக்கிறது, 2022 அக்டோபரில் கேரளாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தையே உச்ச நீதிமன்றம் உங்கள் விதிமுறையைக் காட்டித்தான் ரத்து செய்தது. அதே யு.ஜி.சி. எழுதிய 50,000 ரூபாய்க்கு மட்டும் ஏன் ஒரு சக்தியும் இல்லை?

மாநில அரசுக்குத் தனியாக ஒன்று. நான் சேரும்போது 10,000 ரூபாய். 15,000 ஆனது, 20,000 ஆனது, 25,000 ஆனது. ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் செய்தி வந்தது, சங்கத்தில் போய்ச் சால்வை போட்டோம், நன்றி. ஆனால் இன்றைக்குப் புதிதாகச் சேரும் ஓர் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. அதே நெட் தகுதித் தேர்வு, அதே முனைவர் பட்டம், அதே வகுப்பு, அதே சாக்பீஸ். இந்த ஆகஸ்டில் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில், மாதம் 30,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த உச்ச நீதிமன்றம், மேடைக்கு மேடை குரு பிரம்மா என்று சுலோகம் சொன்னால் மட்டும் போதாது என்கிற ரீதியில் கடிந்துகொண்டு, ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடு என்று சொன்னது. குஜராத் மாடலைத் தமிழ்நாட்டில் எல்லாரும் கிண்டல் செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். அவர்கள் கொடுத்த கேவலமான சம்பளம் எங்களுடையதைவிட 5,000 ரூபாய் அதிகம் என்பதை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நியமனம் 2015 வாக்கில் நடந்தது. அடுத்து 2019-இல் 2,331 இடங்கள் என்றார்கள். விண்ணப்பித்தோம், அனுபவச் சான்றிதழுக்காகப் பழைய கல்லூரிகளின் படியெல்லாம் ஏறினோம், சான்றிதழில் இணை இயக்குநர் அலுவலக மேலொப்பம் வாங்க மூன்று முறை பஸ் ஏறினேன். கடைசியில் அந்த அறிவிப்பே ரத்து. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள். ஆகஸ்ட் 4 தேர்வு. தள்ளிவைப்பு. பிறகு 2025 அக்டோபரில் புது அறிவிப்பு, 2,708 இடங்கள். 4,000 எப்படி 2,708 ஆனது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் கணக்குப் போட்டார்கள். தேர்வு இந்த டிசம்பரில்தான். இந்த மடலை எழுதும் நேரத்தில் நான் படித்துக்கொண்டிருக்க வேண்டும். தகுதித் தேர்வான செட் மட்டும் என்ன வாழ்ந்தது? 2018-இல் நடந்தது, அப்புறம் 2024 ஜூனில் நடத்துகிறோம் என்று கடைசி நேரத்தில் நிறுத்தி, 2025 மார்ச்சில்தான் நடத்தினார்கள். ஏழு வருடம். ஒரு பெண் எம்.ஏ. முடித்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, மூத்தது ஒன்றாம் வகுப்பு போகும்வரை ஒரு தகுதித் தேர்வுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கற்பனையாகச் சொல்லவில்லை, அவள் எங்கள் துறையில்தான் இருக்கிறாள்.

இத்தனைக்கும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதுதான் இந்த மாநிலத்தின் பெருமை, அதில் எனக்குக் கொஞ்சமும் கிண்டல் இல்லை. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியாவுக்கு 28.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டுக்கு 47. புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் போக மிச்சத்தை வீட்டில் கொடுக்கிற பெண்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருத்தியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மகள் 'ரெஃபரன்ஸ் புக்' கேட்கிறாள். இவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் கால் வைத்தவர்கள் இவர்கள்தான். விண்ணப்பம் அதிகமாக வந்தால் 20 சதவீதம் இடம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஆணை வருகிறது. நல்ல ஆணை. எழுபது பேர் இருந்த வகுப்பில் எண்பத்து நான்கு பேர். பெஞ்ச் போடக் கேட்டால் மூன்று மாதத்தில் வருகிறது, ஆசிரியர் பணியிடம் கேட்டால் வருவதே இல்லை. புதிதாகத் திறக்கும் கல்லூரிகளின் கதை இன்னும் மோசம். ஏதோ ஒரு மேல்நிலைப் பள்ளியின் நான்கு அறைகளில் ஆரம்பித்து, பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை மாற்றி அனுப்பி, மீதிக்கு எங்களைப் போட்டுத் திறப்பு விழா நடத்திவிடுகிறார்கள்.

கல்லூரிகளுக்குத் தரமதிப்பு போடும் நாக் குழு வரும்போது மட்டும் நாங்கள் எல்லாரும் 'ஃபேகல்டி' ஆகிவிடுவோம். எங்கள் முனைவர் பட்டங்கள், எங்கள் கட்டுரைகள் எல்லாம் கல்லூரியின் மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும். குழு போன மறுநாள் நாங்கள் மறுபடியும் 'கௌரவம்'. தனியார் பொறியியல் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியலில் 353 பேர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் காட்டியிருந்தார்கள், 224 கல்லூரிகள். எங்களுக்கு ஒரு கல்லூரியிலேயே முழு வருடம் வேலை இல்லை, அவர்களுக்கு ஒரே நாளில் எத்தனை கல்லூரி!

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

துணைவேந்தர் விவகாரத்தில் உங்களில் யாரும் தோற்க வேண்டாம். மேற்கு வங்கத்திலும் இதே ஆளுநர், அரசு சண்டைதான். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையில் தேடுதல் குழுவைப் போட்டு வேலையை நகர்த்தியது. அங்கேயும் எல்லாம் சுமுகமாக முடியவில்லை, ஆனால் பெயர்கள் வந்தன, ஆட்கள் உட்கார்ந்தார்கள். சட்டம் யார் பக்கம் என்பதை நீங்கள் நீதிமன்றத்தில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து இருக்கிற காலியிடங்களை நிரப்புங்கள். அதற்கு டெல்லிவரை போய்த்தான் ஆணை வாங்க வேண்டும் என்றில்லை. ஆளுநர் மாளிகையிலிருந்து கோட்டைக்கு எவ்வளவு தூரம்? சென்னை டிராஃபிக்கிலேயே முக்கால் மணி நேரம்தான்.

யு.ஜி.சி. இறுதி விதிமுறையில் அந்த 10 சதவீத வரம்பைத் திரும்ப வைக்க வேண்டும். வைத்துவிட்டு, எந்தெந்த மாநிலம் மீறுகிறது என்று வருடா வருடம் பட்டியல் வெளியிட வேண்டும். துணைவேந்தர் விஷயத்தில் காட்டும் கறாரில் பாதி போதும்.

உயர்கல்வித் துறை, ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் துறைவாரியாக எத்தனை அனுமதிக்கப்பட்ட இடம், எத்தனை நிரந்தரம், எத்தனை கௌரவம் என்று இணையத்தில் போடட்டும். விண்ணப்பிக்கும் பிள்ளையும் பெற்றோரும் பார்க்கட்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஆண்டு அட்டவணையில் இருக்கும் தேதியில் தேர்வு நடக்கட்டும், குறைந்த இடமானாலும் வருடத்துக்கு ஒரு முறை. பத்து வருடத்துக்கு ஒரு முறை 4,000 என்று அறிவித்து எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், இருபத்தேழு வயதுப் பிள்ளையும் நாற்பத்தேழு வயது ஆளும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் எங்களிடம் படித்தது. போன முறை தேர்வு மைய விண்ணப்பத்தில் என் பக்கத்து எண் என் மாணவியுடையது. அவள் கூச்சத்தோடு "சார், நீங்களுமா?" என்று கேட்டதற்கு நான் என்ன சொல்வது?

அப்புறம் அந்த மே மாதச் சம்பளம். 7,000 பேர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 25,000 வீதம் பதினேழரைக் கோடி ரூபாய். ஒரு மாநில பட்ஜெட்டில் இது எந்த மூலைக்கு? இதைக்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பதற்குப் பண நெருக்கடி காரணம் இல்லை என்று நினைக்கிறேன். மே மாதம் சம்பளம் கொடுத்துவிட்டால் பணி தொடர்ச்சி என்று ஆகிவிடும், தொடர்ச்சி என்று ஆனால் நாளைக்கு நிரந்தரம் கேட்டு நீதிமன்றம் போவோம் என்ற பயம். அந்த ஒரு மாத இடைவெளிக்காகத்தான் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பள்ளிப் பிள்ளை மாதிரிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். என் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன மே மாதம் அவன் கேட்டான், "அப்பா, உனக்கும் லீவா?"

நாளைக் காலை முதல் பாடவேளை எனக்குத்தான். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கௌரவ விரிவுரையாளர், வரலாற்றுத் துறை,
ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி.

(பெயரும் ஊரும் போடவில்லை. ஜூனில் எனக்குத் திரும்பவும் ஆணை வர வேண்டும்.)